தூக்கத்தைப் பற்றி எங்கே தேடுவது?

முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அசைன்மென்ட் வருகிறது: "தூக்கம் பற்றி ஐந்து பக்கம் எழுதி வாருங்கள். நம்பகமான ஆதாரங்கள் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்." அவர் கூகுளில் 'தூக்கம்' என்று போடுகிறார். மேலே வரும் நாலைந்து பக்கங்களைத் திறக்கிறார். ஒன்று மெத்தை விற்கும் நிறுவனத்தின் பக்கம், இன்னொன்று யாரோ எழுதிய உடல்நலக் குறிப்பு. இங்கே ஒரு பத்தி, அங்கே ஒரு பத்தி என்று எடுத்துக் கோத்து, கடைசியில் லிங்குகளை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். திரும்பி வரும் தாளில் சிவப்பு மையில் 'ஆதாரம் போதாது' என்று இருக்கிறது.

மாணவர் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் 'நம்பகமான' என்றால் என்ன என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை அது. வரலாற்றுத் துறையில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள், மருத்துவத்தில் வேறொன்று, சட்டத்தில் இன்னொன்று. அதனால்தான் தகவல் எழுத்தறிவைத் தனிப் பாடமாக நடத்தினால் ஒட்டுவதில்லை. அவரவர் பாடத்துக்குள் வைத்து நடத்த வேண்டியிருக்கிறது. எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம். தகவல் எழுத்தறிவு என்பதைத் தகவல் அறிதிறன் என்றும் சொல்வார்கள். 1974இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அவர் நூலகர் இல்லை, தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவர். வேலை செய்யும் இடத்தில் சிக்கல்களைத் தீர்க்கத் தகவல் கருவிகளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது அவர் கவலை. பிறகு நூலகர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று அதற்குக் கொடுத்த விளக்கம் இன்றும் கைகொடுக்கிறது: தகவல் எப்போது தேவை என்று உணர்வது, அதைக் கண்டுபிடிப்பது, எடை போடுவது, சரியாகப் பயன்படுத்துவது.

நான்கில் பெரும்பாலான கல்லூரிகள் சொல்லித்தருவது இரண்டாவதை மட்டும்தான். கண்டுபிடிப்பது எப்படி, எந்தப் பட்டனை அழுத்துவது, அவ்வளவே.

ஒரே கேள்வி, மூன்று விதமான சான்று

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 'மின்விளக்கு வருவதற்கு முன்னால் மனிதர்கள் எப்படித் தூங்கினார்கள்?' என்று ஒரு கேள்வி. கேட்க எளிமையாக இருக்கிறது.

ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்புரட்சிக்கு முந்தைய மேற்கு ஐரோப்பாவில் மக்கள் இரவை இரண்டு தவணையாகத் தூங்கினார்கள் என்பது அவர் வாதம். முதல் தூக்கம், நடுவில் ஒரு மணி நேரம் போல விழிப்பு, பிறகு இரண்டாம் தூக்கம். இதற்கு அவர் காட்டிய சான்றுகள் நாட்குறிப்புகள், நீதிமன்ற வாக்குமூலங்கள், மருத்துவ நூல்கள், பிரார்த்தனைப் புத்தகங்கள், கதைகள். 'முதல் தூக்கம்' என்ற தொடர் அவற்றில் எந்த விளக்கமும் இல்லாமல் சர்வசாதாரணமாக வருகிறது. விளக்கம் தேவைப்படாத சொல் என்றால் அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும். வரலாற்றாசிரியர் யோசிக்கும் விதம் இது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1992இல், தாமஸ் வேர் என்ற மனநல ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார். சிலரை ஒரு மாதத்துக்குத் தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைத்துப் பார்த்தார். அவர்கள் தூக்கம் மெல்ல இரண்டாகப் பிரிந்தது, நடுவே விழிப்பும் வந்தது. இது ஆய்வுக்கூடச் சான்று. ஆட்கள் கொஞ்சம், ஆனால் நிலைமை முழுக்க ஆய்வாளர் கையில்.

2015இல் இன்னொரு குழு தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களிடம் போனது. 94 பேர் கையில் கடிகாரம் போன்ற ஓர் அளவீட்டுக் கருவியைக் கட்டிவிட்டு, மொத்தம் 1,165 நாட்களுக்கான பதிவைச் சேர்த்தது. மின்சார வாழ்க்கையிலிருந்து விலகி வாழும் இந்த மக்கள் பெரும்பாலும் ஒரே மூச்சாகத்தான் தூங்கினார்கள். இரண்டு தவணை வழக்கமாக இல்லை.

இப்போது மாணவர் கேட்பார்: "சரி, இதில் எது உண்மை?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வகுப்பு முடிந்த மாதிரி. நேரடிப் பதிலைச் சொல்லிவிடாமல் திருப்பிக் கேட்கலாம். மூவரும் ஒரே ஆட்களைப் பற்றியா பேசுகிறார்கள்? ஐரோப்பாவின் குளிர்கால இரவு மிக நீளம். 2015இல் பார்த்த மூன்று இடங்களும் வெப்ப மண்டலத்தில் இருக்கின்றன, அங்கே இரவின் நீளம் ஆண்டு முழுக்க அவ்வளவாக மாறாது. நாட்குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரையும் போலத் தூங்கினார்களா? கைக்கருவி அசைவைத்தான் அளக்கிறது. ஆடாமல் அசையாமல் விழித்துப் படுத்திருப்பவரை அது என்னவென்று கணக்கில் வைக்கும்? எகிர்ச் தன் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. விவாதம் தொடர்கிறது.

மூன்றுமே மதிப்பாய்வு செய்யப்பட்ட (அதாவது, வெளியிடும் முன் துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்த), நல்ல இடத்தில் வெளிவந்த ஆய்வுகள். 'ஆய்விதழில் வந்ததா? அப்படியானால் நம்பலாம்' என்ற பொது விதி இங்கே ஒன்றுக்கும் உதவாது. சான்று எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் எடை போட முடியும். அதைச் சொல்லித்தர வரலாற்று ஆசிரியர் வேண்டும், உயிரியல் ஆசிரியர் வேண்டும், மானுடவியல் ஆசிரியர் வேண்டும். நூலகத்தில் நடக்கும் பொது வகுப்பால் மட்டும் ஆகாது.

தேடும் சொல்லே துறைக்குத் துறை மாறும்

எடை போடுவது இருக்கட்டும், தேடுவதே துறைக்குத் துறை வேறு.

செவிலியர் படிப்பில் இருக்கும் மாணவி தூக்கமின்மை பற்றித் தேடுகிறார். அவர் போக வேண்டிய இடம் பப்மெட். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் இந்தத் தளத்தில் 3 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. அங்கே மெஷ் என்று ஒரு சொற்பட்டியல் உண்டு. ஒரே நோயை ஆளுக்கொரு பெயரில் எழுதுவார்கள் என்பதால், நூலகம் எல்லாவற்றையும் ஒரு பொதுப் பெயரின் கீழ் அடுக்குகிறது. நாம் 'இன்சோம்னியா' என்று சொல்வது அங்கே 'தூக்கத்தைத் தொடங்குவதிலும் தொடர்வதிலும் கோளாறுகள்' என்று பொருள்படும் நீண்ட பெயரில் இருக்கிறது. பப்மெட்டே ஓரளவு இதைத் தானாக மொழிபெயர்த்துக்கொள்ளும். ஆனாலும் அந்தப் பெயரை ஒருமுறை நேரில் பார்த்த மாணவிக்கு ஒன்று பிடிபடும்: தன் தலைக்குள் இருக்கும் சொல் வேறு, துறை வைத்திருக்கும் சொல் வேறு.

வேதியியல் மாணவருக்கு இந்தத் தொல்லையே வேறு மாதிரி. தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனினை எடுத்துக்கொண்டால், அதற்கு நீளமான வேதிப்பெயர் ஒன்று, கடைப்பெயர்கள் பல. பெயர்களை நம்பாமல் வேதியியல்காரர்கள் எண் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிஏஎஸ் பதிவெண், மெலடோனினுக்கு 73-31-4. அந்த எண்ணை வைத்துத் தேடினால் பெயர்க் குழப்பமே இல்லை. மூலக்கூறின் படத்தை வரைந்துகூடத் தேடலாம். வரலாற்று மாணவருக்கு இதெல்லாம் மாயவித்தை மாதிரித் தெரியும். அவருக்கோ எதிர்த் தொல்லை: தூக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் 'தூக்கம்' என்ற தலைப்பில் எழுதியிருக்க மாட்டார்கள். திருட்டு வழக்கின் சாட்சியம் ஒன்றில் 'நான் முதல் தூக்கம் எழுந்தபோது' என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். எந்த அட்டவணையும் அதைக் காட்டாது. உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

கணினித் துறைக்குப் போனால் 'தூக்கம்' என்பது கருவி மின்சாரத்தைச் சேமிக்கும் நிலை! அங்கே மாநாட்டுக் கட்டுரைகளுக்குத்தான் மவுசு. வேறு பல துறைகளில் மாநாட்டுக் கட்டுரை என்றால் 'இன்னும் வேகாதது' என்று நினைப்பார்கள், கணினித் துறையில் முக்கியமான வேலைகள் முதலில் அங்கேதான் வெளிவரும். இயற்பியலில் 1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் தளத்தில், மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் போட்டுவிடுவது அன்றாட வழக்கம், அதை மேற்கோள் காட்ட யாரும் கூச்சப்படுவதில்லை. அதே பழக்கத்தோடு ஒருவர் மருந்தின் அளவைப் பற்றி மதிப்பாய்வு ஆகாத முன்வரைவை எடுத்து வந்தால் மருத்துவ ஆசிரியர் பதறிப்போவார். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரிதான்.

இதையெல்லாம் 'நம்பகமான ஆதாரம்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்தால் மாணவர் என்னதான் செய்வார்?

நூலகச் சுற்று ஏன் மறந்துபோகிறது

பல இடங்களில் நடப்பது இதுதான். ஆண்டின் முதல் வாரம், ஒரு மணி நேரம், நூறு பேரை நூலகத்துக்குக் கூட்டிப்போவார்கள். நூலகர் பாவம், தேடுதளம், கடன் விதிகள், மேற்கோள் முறை, திருட்டு எழுத்து எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடைக்கப் பார்ப்பார். மாணவர் கையில் அப்போது எந்தக் கேள்வியும் இல்லை. தரையில் படுக்கவைத்து நீச்சல் கற்றுத்தருவது போல. மூன்று மாதம் கழித்து அசைன்மென்ட் வரும்போது நினைவில் இருப்பது நூலகத்தில் ஏசி இருந்தது மட்டும்.

அதே ஒரு மணி நேரத்தை, அசைன்மென்ட் கொடுத்த பத்தாம் நாள் வைத்துப் பாருங்கள். மாணவர் ஏற்கெனவே ஒருமுறை தேடித் தோற்றிருப்பார். 'ஆயிரக்கணக்கில் வருகிறது, எதைப் படிப்பது?' என்ற எரிச்சலோடு வருவார். அந்த எரிச்சல்தான் நல்ல வகுப்புக்கு முதல் தேவை. என்னைக் கேட்டால், வேறு எந்த மாற்றமும் செய்யாமல் இந்தத் தேதியை மட்டும் மாற்றினாலே பாதிப் பலன் கிடைத்துவிடும்.

நூலகர்களின் உலகத்திலும் இந்தத் திருப்பம் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மற்றும் ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் ஒரு தர அளவுகோலை வெளியிட்டது. மாணவருக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற நீண்ட பட்டியல் அது. 2016இல் அதைக் கைவிட்டுவிட்டு, ஆறு கருத்துகளை மட்டும் கொண்ட புதிய சட்டகத்துக்கு மாறியது. அந்த ஆறில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, ஒருவர் சொல் எடுபடுவது இடத்தைப் பொறுத்தது. தூக்கமின்மைக்கு என்ன மருந்து என்று மருத்துவர் சொன்னால் கேட்போம், தூக்கம் வராத இரவு எப்படி இருக்கும் என்பதற்கு நோயாளிதான் சாட்சி. இரண்டு, ஆய்வு என்பது ஓர் உரையாடல். மேலே பார்த்த மூன்று தூக்க ஆய்வுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன, மாணவர் நடுவில் வந்து உட்காருகிறார். உரையாடலில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது அல்லவா?

ஆசிரியர் வாய்விட்டு யோசிக்க வேண்டும்

இங்கேதான் பாட ஆசிரியரின் பங்கு வருகிறது. அவருக்கு ஒரு சிக்கல். இருபது வருடமாக ஆய்வுக் கட்டுரை படிப்பவருக்குத் தான் எப்படிப் படிக்கிறோம் என்பதே மறந்திருக்கும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படி விழாமல் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் திருதிருவென முழிப்பார், அப்படி. டேவிட் பேஸ், ஜோன் மிடெண்டார்ஃப் என்ற இருவர் 2004இல் இதற்கு ஒரு முறையை முன்வைத்தார்கள். மாணவர் எங்கே சிக்கிக்கொள்கிறார் என்று பாருங்கள், அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

நடைமுறையில் இதைச் செய்ய ஓர் எளிய வழி, வகுப்பின் முன்னால் வாய்விட்டு யோசிப்பது. உளவியல் ஆசிரியர் ஒருவர், தான் இதுவரை பார்க்காத கட்டுரை ஒன்றைத் திரையில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"தலைப்பு: தூக்கமும் தேர்வு மதிப்பெண்ணும். சரி. ஆய்வுச்சுருக்கம் 'நெருங்கிய தொடர்பு' என்கிறது. இப்போதே நம்ப மாட்டேன். நேராக முறை என்ற பகுதிக்குப் போகிறேன். எத்தனை பேர்? நாற்பது. யார்? ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. தூக்கத்தை எப்படி அளந்தார்கள்? அவர்களே காலையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் இது தூங்கிய நேரமா, தூங்கியதாக நினைத்த நேரமா? இங்கே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்கிறேன். இப்போது படத்தைப் பார்க்கிறேன். புள்ளிகள் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன, கோடு மட்டும் நேராகப் போகிறது. ம்... அடுத்து, தூங்காததால் மதிப்பெண் குறைந்ததா, மதிப்பெண் பயத்தில் தூக்கம் போனதா? இதை அவர்கள் எங்காவது பேசியிருக்கிறார்களா என்று பார்க்கக் கடைசிப் பகுதிக்குப் போகிறேன்."

பத்து நிமிடம் போதும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அகராதியோடு போராடிக்கொண்டிருந்த மாணவருக்கு, ஆசிரியர் கட்டுரையைத் தாவித் தாவிப் படிக்கிறார் என்பதே அதிர்ச்சியாக இருக்கும். சிலர் முகத்தில் நிம்மதியும் தெரியும்.

இதற்கு நல்ல ஆய்வுப் பின்புலமும் உண்டு. சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளர் 1991இல் வரலாற்றாசிரியர்கள் எட்டு பேரிடமும், நன்றாகப் படிக்கும் பள்ளி மாணவர்கள் எட்டு பேரிடமும் ஒரே பழைய ஆவணங்களைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் வாசகத்தைப் படிக்கும் முன்பே 'யார் எழுதியது, எப்போது' என்று பார்த்தார்கள். மாணவர்கள் பாடநூல் படிப்பது போல மேலிருந்து கீழே படித்தார்கள். அறிவின் அளவை விட, கண் முதலில் எங்கே போகிறது என்பதே பெரிய வித்தியாசமாக இருந்தது.

ஆனால் இந்த வாதத்தை ரொம்பவும் இழுக்கக் கூடாது. பாட அறிவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அதே வைன்பர்க், சாரா மெக்ரூவோடு சேர்ந்து, பிறகு இன்னொரு சோதனை செய்தார். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவம் பற்றிய இரண்டு அமைப்புகளின் இணையப் பக்கங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய மருத்துவர் சங்கம், மற்றது 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்று போல இருக்கும். மாணவர்களில் பெரும்பாலானோர் ஏமாந்தார்கள். வரலாற்றாசிரியர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் சில நொடியில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர். பக்கத்தின் அழகு, எழுத்துப் பிழை, தேதி என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே சரிபார்க்கச் சொல்லும் பழைய பட்டியல்கள் இங்கே தோற்றுப்போகின்றன, ஏனென்றால் ஏமாற்ற நினைப்பவருக்கும் அந்தப் பட்டியல் தெரியும்.

ஆகவே நூலகர் சொல்லித்தர வேண்டியது ஒரு பகுதி, ஆசிரியர் சொல்லித்தர வேண்டியது இன்னொரு பகுதி. பக்கவாட்டு வாசிப்பு, தேடுதளத்தின் உள்வேலை, சொற்பட்டியல்கள் எல்லாம் நூலகர் கையில். எது சான்று, எது வெறும் அபிப்பிராயம், எந்தக் கட்டுரை யாரோடு சண்டை போடுகிறது என்பது ஆசிரியர் கையில். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு அசைன்மென்ட்டைத் திட்டமிட்டால் போதும், பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். (கமிட்டி போட்டால் அடுத்த ஆண்டும் திட்டமிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.)

நல்ல அசைன்மென்ட் எப்படி இருக்கும்

'ஐந்து ஆதாரம் கொண்டு வா' என்பது மோசமான அசைன்மென்ட். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு செய்தியைக் கொடுத்து அதன் வேரைத் தேடச் சொல்லலாம். கீரைக் கதை இதற்கு அற்புதமான உதாரணம். பசலைக் கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்று உலகமே நம்பியதற்குக் காரணம், பழைய ஆய்வொன்றில் தசமப் புள்ளி இடம் மாறிப் பத்து மடங்காகிவிட்டதுதான் என்று ஒரு கதை உண்டு. கவனமில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல எத்தனையோ பேர் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். வேரைத் தேடிப் போனால் 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரையில் போய் நிற்கும். அங்கே அந்தத் தசமப் புள்ளிச் செய்திக்கு ஆதாரமே கொடுக்கப்படவில்லை! நார்வேயைச் சேர்ந்த ஓலே பியோர்ன் ரெக்தால் 2014இல் இதையெல்லாம் எடுத்துக்காட்டினார். சோம்பலைக் கண்டிக்கும் கதையே சோம்பலால் பரவியிருக்கிறது. இந்தத் தேடலை ஒரு முறை தாங்களே செய்து பார்த்தவர்கள், பிறகு எந்த மேற்கோளையும் மூலத்தைத் திறக்காமல் போடத் தயங்குவார்கள்.

பொருளாதாரத்தில் இதை விடப் பெரிய உதாரணம் உண்டு, அதுவும் வகுப்பு அசைன்மென்ட்டில் தொடங்கியது. 2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும், அரசுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடுகிறது என்று எழுதினார்கள். பல நாடுகளில் அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் சிக்கனம் பேசினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் முதுநிலை ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டனுக்கு, வெளியான ஒரு கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பு வேலை. எவ்வளவு முயன்றும் கணக்கு ஒத்துவரவில்லை. எழுதியவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் வரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு விடுபட்டிருந்தது, நாடுகளுக்கு எடை கொடுத்த விதத்திலும் சிக்கல் இருந்தது. எல்லாவற்றையும் திருத்தினால் சராசரி 2.2 சதவீதம் என்று 2013இல் அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்டார்கள். எக்செல் தவற்றை ஒப்புக்கொண்ட மூல ஆசிரியர்கள், கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்ற தங்கள் பொதுவான முடிவை விடவில்லை. பொருளாதாரத்தில் தகவல் எழுத்தறிவு என்றால் இதுதான்: கட்டுரையோடு நிற்காமல், அதற்குப் பின்னால் இருக்கும் கோப்பைக் கேட்பது. இலக்கிய மாணவருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பயனில்லை. அவருக்குப் பதிப்புகளை ஒப்பிடச் சொல்லலாம், ஒரு வரி எந்தப் பதிப்பில் மாறியது என்று.

சட்ட மாணவருக்கு வேறு. ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது இன்னும் செல்லுபடியாகிறதா, பின்னால் வந்த நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் 1873லேயே இதற்காக ஓர் அட்டவணை தொடங்கிவிட்டார். அப்படியொரு பழக்கம் ஊறிய துறையிலேயே 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள், ஆவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்து, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. 'ஏஐ பயன்படுத்தாதே' என்று போர்டு மாட்டுவதால் பயனில்லை. அந்தத் தீர்ப்பைத் தேடித் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். துறையின் பழைய பழக்கமே புதிய தொல்லைக்கு மருந்து.

மதிப்பெண் எதற்கு?

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் சொல்லித்தந்துவிட்டு, மதிப்பெண்ணைக் கட்டுரையின் இறுதி வடிவத்துக்கு மட்டும் போட்டால், மாணவர் மீண்டும் கூகுளின் முதல் பக்கத்துக்கே போய்விடுவார். மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் உழைப்பு போகும், மனித இயல்பு. அதனால் கட்டுரையோடு ஒரு பக்கத் தேடல் குறிப்பையும் கேட்க வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டேன், எங்கே தோற்றேன், எப்போது சொல்லை மாற்றினேன், எதை ஏன் ஒதுக்கினேன். நடை, மேற்கோள் வடிவம் எதையும் இதில் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் இப்படியொரு குறிப்பு வரலாம்: "முதலில் 'தூக்கம், மாணவர்' என்று தேடினேன், பொதுவான கட்டுரைகள்தான் வந்தன. மெஷ் பட்டியலில் பெயரைப் பார்த்து மாற்றினேன். கிடைத்ததில் சுயமாக எழுதிக் கொடுத்த தூக்க நேரத்தை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்தேன். நீங்கள் ஐந்து ஆதாரம் கேட்டிருந்தீர்கள், நான் மூன்றுதான் வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் திறந்து பார்த்தால், இரண்டுமே இந்த மூன்றில் முதலாவதைத்தான் மேற்கோள் காட்டுகின்றன, சொந்தத் தரவு இல்லை."

இரண்டு குறைந்துவிட்டதே என்று இந்த மாணவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.